படிகாரத்துக்கு வேலை இல்லை

அத்தியாயம் 7

நெய்னார் ஹாஜியார் வீட்டு வாசலைத் தாண்டும்போது மனுவேலின் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது.

அண்ணாந்து பார்த்தான். கதவு நிலைக்கு மேலே ஆணியில் ஒரு பச்சைத் துணி முடிச்சு தொங்கியது. பெரிய நெல்லிக்காய் அளவு. அதன் அடியில் இன்னொரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

பிடரியைத் தடவிய விரலை அவன் நக்கிப் பார்த்தான். “மிஸ், இங்க வீட்டுக்குள்ளயும் மழை. உப்பு மழை. கொஞ்சம் புளிப்பும் போட்டிருக்காங்க.”

“கண்டதெல்லாம் வாயில வைக்காத,” என்றாள் ஸும்ரா. “இந்த வீட்டுல பிரச்சினையே அதுதான்.”

ஸும்ரா முன்பு கொழும்பில் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காகப் பொய்க் கோரிக்கைகளைத் துருவிக்கொண்டிருந்தவள். இப்போது புத்தளத்தில் டயர் கடை ஒன்றின் மாடியில் சொந்தமாகத் துருவுகிறாள். மனுவேல் தலவில ஊர்க்காரன். ஓட்டோ அவனுடையது, அதை ஓட்டுவதும் அவன், அவளுக்கு உதவியாளும் அவன்தான். வாயை மூடிவைக்க மட்டும் அவனுக்குத் தெரியாது.

முந்தின நாள் பின்னேரம் மாம்புரியிலிருந்து நெய்னார் ஹாஜியார் போன் எடுத்திருந்தார். உப்பளம் வைத்திருக்கிற மனுசன். அதிகாரமாகப் பேசிப் பழகிய குரல், ஆனால் போனில் அது தணிந்து வந்தது. “மகள், என்னை யாரோ கொல்றாங்க. என்ட வீட்டுக்குள்ள இருந்தே.”

இப்போது அவர் விறாந்தையில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். தலை மழித்து, வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். இடது காதுக்குக் கீழிருந்து சட்டைக் கொலர் வரை தழும்பு ஓடியது.

“கொழும்பு டொக்டர் என்ட கழுத்துல கத்தி வச்சார். கையெழுத்து போட்டுக் குடுத்துட்டுத்தான் படுத்தேன்,” என்றார். “இங்க ஆரோ என்ட கையெழுத்து இல்லாமலே வைக்கிறாங்க.”

விசயம் இதுதான். அவருடைய இடது கழுத்து நாளத்தில் கொழுப்பு அடைத்திருந்தது. கொழும்பில் நாளத்தைத் திறந்து சுரண்டி எடுத்தார்கள். சுரண்டிய இடம் புண். அதில் இரத்தம் ஒட்டும், ஒட்டினது கட்டியாகும், கட்டியில் ஒரு துணுக்கு உடைந்தால் நேரே மூளைக்குப் போகும். இரத்தம் அப்படி ஒட்டாமல் இருக்கத்தான் தினம் காலையில் ஒரு சின்ன வெள்ளைக் குளிசை. அஸ்பிரின்.

தினமும் அதைப் போட்டும், மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் அவருடைய இடது கண்ணில் திரை இறங்கியது, கொஞ்ச நேரத்தில் ஏறிப் போனது. பிறகு ஒரு நாள் வலது கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை தானாக விழுந்தது. புத்தளத்து டொக்டர் இன்னொரு ஸ்கேன் படம் பிடிக்க நாள் குறித்துக் கொடுத்தார். “குளிசை போட்டும் இப்படி வருதென்டா, அந்தப் போத்தலையும் கொண்டு வாங்க, பார்ப்பம்,” என்றும் சொன்னார்.

போத்தலை டொக்டர் பார்க்க முந்தி வீடு பார்த்துவிட்டது.

“இந்தா பாருங்க!” ஹாஜியாரின் ராத்தா, அவருடைய அக்கா பளீலா, ஒரு ஜாம் போத்தலை மேசையில் வைத்தார். அறுபது தாண்டிய, நெடிய பெண். இடுப்பில் சாவிக்கொத்து. “இதா கிளினிக்ல தந்த குளிசை? அது பால் மாதிரி வெள்ளை. இதப் பாருங்க, ஊதிப்போய், அங்கங்க பச்சை. மாத்தி வச்சிரிக்கி.”

ஸும்ரா போத்தலை வெளிச்சத்தில் பிடித்தாள். குளிசைகள் வீங்கியிருந்தன. சில ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கண்ணாடியின் உட்பக்கத்தில் ஊசி ஊசியாக வெள்ளைப் பொடி படிந்திருந்தது.

“அட்டைல வரல்லயா?”

“கிளினிக்ல எண்ணி, கடதாசி உறைக்குள்ள போட்டுத்தான் தருவாங்க. நாங்க போத்தல்ல கொட்டி வைப்பம்.”

“மத்தக் குளிசைகள்?”

“பிரஷர் குளிசை, கொழுப்புக் குளிசை எல்லாம் அட்டைல இரிக்கி. அதுல ஒரு குறையும் இல்ல. அட்டைய ஓட்டை போட்டா தெரிஞ்சிடும்தானே. போத்தல்ல மாத்தினா ஆருக்குத் தெரியும்?”

“ஆரு மாத்தினது?”

பளீலா பெயர் சொல்லவில்லை. குசினி வாசலைப் பார்த்தார். அங்கே மருமகள் றைஸா, இடுப்பில் பெண்பிள்ளையோடு நின்றாள். அவளுடைய புருசன், ஹாஜியாரின் மகன் இப்ஹாம், கட்டாரில் வேலை செய்கிறான்.

“இவள்ட சனம் தொண்ணூறுல மன்னார்ல இருந்து விரட்டுப்பட்டு வந்தது,” என்றார் பளீலா. “இப்ப வாப்பாட காணிக்குத் திரும்பிப் போகணுமாம். என்ட தம்பி விட மாட்டேன் என்டு சென்னார். அதுக்குப் பிறகுதான் இதெல்லாம்.”

“நான் பிறந்ததே புத்தளத்துலதான் மாமி,” என்றாள் றைஸா. “காணிக்குப் போகணும் என்டு கேட்டது உண்மை. கேட்டதுக்காக மாமாவைக் கொல்ல மாட்டேன்.”

“குளிசை குடுக்கிறது நீங்கதானே?” என்று ஸும்ரா அவளிடம் கேட்டாள்.

“ஓம். கிளினிக்ல எடுக்கிறதும் நான், குடுக்கிறதும் நான்.”

“வேற ஆராவது போத்தலைத் தொட்டாங்களா?”

றைஸா பதில் சொல்லக் கொஞ்சம் பிந்தியது. “அத என்னட்ட கேக்காதீங்க.”

பிந்திய பதில்களை ஸும்ரா மறப்பதில்லை. ஆனால் துருவவும் இல்லை. மாமியின் முன்னால் துருவினால் இன்னும் பிந்தும்.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். “இண்டைக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மகன் போன் எடுப்பான். ராத்தா அவனுக்கு எல்லாம் செல்லிட்டா. அவன்ட முடிவு, றைஸா தாய் வீட்டுக்குப் போகணும். புள்ள இங்க நிக்கும்.”

இடுப்பில் இருந்த பிள்ளையை றைஸா மறு இடுப்புக்கு மாற்றினாள். வேறு ஒன்றும் செய்யவில்லை.

“அதுக்கு முந்தி எனக்கு உண்மை தெரியணும்,” என்றார் ஹாஜியார். “அவள்தான் என்டா போகட்டும். இல்லாட்டி, தாயையும் புள்ளையையும் பிரிச்ச பாவத்தோட எனக்கு மவுத்தாக ஏலாது.”

“புதுக் குளிசை வாங்கினீங்களா?”

“ஆர்ட கையால வாங்க?”

ஸும்ராவுக்குக் கோபம் வந்தது. “அப்ப இத்தன நாளா குளிசையே இல்லாம இரிக்கீங்களா?”

“கெட்டது போடுறத விட இல்லாம இரிக்கிறது நல்லம்தானே.”

இந்த வீட்டில் ஒருவரும் மடையர் இல்லை. ஒருவரை ஒருவர் நம்பாத வீட்டில் புத்தியும் மடத்தனமாகத்தான் வேலை செய்கிறது.

பழைய குளிசை இரண்டை ஸும்ரா கடதாசியில் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். எழும்பும்போது விறாந்தைக் கொடி அவள் கண்ணில் பட்டது. அதில் தொப்பிகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் வெள்ளை. ஒரு பக்கம் சாதாரணத் தொப்பிகள். மற்றப் பக்கம், விளிம்பில் பூ வேலை செய்த புதியவை.

பழையவற்றில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள். கழுவியும் போகாதவை. புதியவற்றில் ஒன்றுகூட இல்லை.

“இந்தப் பூத்தொப்பி?”

“இப்ஹாம் லீவுல வந்து திரும்பிப் போகேக்க வாங்கித் தந்தது,” என்றார் ஹாஜியார். “அவன் போனதுல இருந்து அததான் போடுறேன்.”

“அவர் இங்க நிக்கேக்க குளிசை குடுத்தது?”

“அவன்தான். போன பிறகு றைஸா.”

“தலை வழிக்கிறது ஆரு?”

ஹாஜியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு துப்பறிகிற பெண் கேட்கிற கேள்வியாக அது அவருக்குத் தோன்றவில்லை. “றஸீன் ஒஸ்தா. கண்டக்குழில சலூன். வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை வருவான்.”

“மனுவேல், ஓட்டோவ எடு.”

வாசலில் இன்னொரு சொட்டு விழுந்தது. இந்த முறை மனுவேல் கொலரை இழுத்து விலகப் பார்த்தான். அது கொலரில் விழுந்தது.

*

ஜும்ஆவுக்கு முந்தின நேரம் என்பதால் றஸீனின் சலூனில் ஆட்கள் வரிசையில் இருந்தார்கள். கதிரையில் இருந்தவனின் தாடையில் பஞ்சுத் துண்டுகள் ஒட்டியிருந்தன. காத்திருந்தவர்கள் அதைப் பார்த்தும் பாராத மாதிரி போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே,” என்று மனுவேல் அவனிடம் குனிந்தான். “சவரமா, சண்டையா?”

“என்ட கை கொஞ்சம் ஆடும் தம்பி,” என்றான் றஸீன், கத்தியைத் துடைத்தபடி. நல்ல தொப்பை, சிரித்த முகம். “ஆனா வேற ஒஸ்தா இந்தப் பக்கம் இல்ல. அதுதான் என்ட பலம்.”

“நெய்னார் ஹாஜியார்ட தலையிலயும் ஆடுமா?” என்று கேட்டாள் ஸும்ரா.

றஸீனின் சிரிப்பு நின்றது. “ஆரு முறைப்பாடு வச்சது? ஹாஜியாரா?”

“முறைப்பாடு இல்ல. ரத்தம் பத்தித்தான் கேக்கிறேன்.”

“அப்படிக் கேளுங்க.” அவனுக்கு மூச்சு வந்தது. “கொழும்புல ஒப்பரேஷன் செஞ்சு வந்த புதுசுல அந்தத் தலை ஒரு ஊத்து. கத்தி சும்மா முத்தம் குடுத்தாலே போதும், நிக்காது. படிகாரக் கட்டியத் தேச்சுத் தேச்சு என்ட விரல் காஞ்சு போகும். அவர்ட தலைக்கென்டே ஒரு கட்டி கரைஞ்சிச்சு. தொப்பியப் போட்டா தொப்பியும் நனையும். மகன் என்னைப் பாத்து முழிப்பார்.”

“இப்ப?”

“இப்ப அல்ஹம்துலில்லாஹ். நேத்துக் கூட பின்னுக்கு ஒரு இடத்துல பட்டிச்சு. படிகாரத்த எடுக்கத் திரும்பி, திரும்பிப் பாக்கிறேன், ரத்தம் நின்டுட்டு. படிகாரத்துக்கு வேலையே இல்ல. என்ட கை திருந்திட்டு என்டு நெனச்சு சந்தோசப்பட்டேன்.”

ஸும்ரா கதிரையில் இருந்தவனின் தாடையைப் பார்த்தாள். “கை திருந்தல்ல.”

“இல்லதான்,” என்று கதிரையில் இருந்தவன் முதல்முறையாக வாய் திறந்தான்.

“எப்ப இருந்து இப்படி?”

றஸீன் கத்தியை நெற்றிக்கு நேரே தூக்கி யோசித்தான். கதிரையில் இருந்தவன் தலையை உள்ளிழுத்துக்கொண்டான். “மகன் கட்டார் போன பிறகுதான். மழை பிடிச்சு கொஞ்ச நாளால. ஓம், அந்தப் பூத்தொப்பி போடத் தொடங்கின பிறகு.”

*

பக்கத்துப் பாமசியில் ஸும்ரா அதே அஸ்பிரின் ஒரு அட்டை வாங்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். கடல் பக்கம் வெள்ளைக்காரர்கள் பலகையில் நின்று பட்டம் பிடித்துக்கொண்டு தண்ணீரில் ஓடினார்கள். மழை விட்டிருந்தது. வானம் இன்னும் முடிவெடுக்கவில்லை.

“முடிஞ்சுது மிஸ்,” என்றான் மனுவேல், கண்ணாடியில் அவளைப் பார்த்து. “மகன் குடுக்கேக்க ரத்தம் ஓடுது. மருமகள் குடுக்கேக்க ரத்தம் நிக்குது. அந்தக் குளிசை வேலை செய்யல்ல. மருமகள்தான். எனக்கு அந்தப் புள்ளையப் பாக்கப் பாவமா இருந்திச்சு. என்ட நசீபே அப்படி, பாவம் பாக்கிற ஆக்கள் எல்லாம் கள்ளனாப் போயிடுவாங்க.”

“ரத்தம் மாறின நேரமும் கை மாறின நேரமும் ஒன்டு. அது சரி.”

“பிறகென்ன?”

“கை மாறினதால வேற என்ன மாறிச்சு என்டு தெரியா.”

“மிஸ், உங்களுக்கு ஆளைப் பிடிச்சாலும் சந்தோசம் வராதா?”

ஸும்ராவின் யோசனை குளிசையில் இருந்தது. றைஸா மாற்றியிருந்தால் வெள்ளைக் குளிசைக்கு வெள்ளைக் குளிசைதான் வைத்திருப்பாள். பாமசியில் வெள்ளைக் குளிசைக்கா பஞ்சம்? ஊதிப்போன, பச்சை படிந்த ஒன்றை, எல்லாரும் பார்க்கிற போத்தலில் எந்தக் கொலைகாரி வைப்பாள்? ஒன்றில் அவள் மகா மடைச்சி, இல்லாவிட்டால் அவள் இல்லை.

ஆனால் அந்தப் பிந்திய பதில் இருந்தது. றைஸாவுக்கு என்னமோ தெரியும். தெரிந்தும் பிள்ளையை இழக்கிற நிலைமையில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். குற்றவாளியும் அப்படி நிற்பாள். பயந்தவளும் அப்படித்தான் நிற்பாள்.

“ஒன்டு செல்லட்டா,” என்றான் மனுவேல். “காலையில இருந்து ஒரு அச்சாறு மணம் என்னைத் துரத்துது. முதல்ல ஹாஜியார் வீட்டுக் குசினி என்டு நினைச்சன். பிறகு ஒஸ்தாட தண்ணி என்டு நினைச்சன். இப்ப கடல் காத்துலயும் அதே மணம். நான் செத்துக்கொண்டு வாறனா?”

“அச்சாறா?”

“அச்சாறு. வினாகிரி ஊத்தி ஊறவச்ச மாதிரி.”

ஸும்ரா கைப்பையைத் திறந்தாள். கடதாசி மடிப்பைப் பிரித்தாள். குளிசையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

வினாகிரி.

புது அட்டையில் ஒன்றை உடைத்து மணந்தாள். ஒரு மணமும் இல்லை.

காப்புறுதிக் காலத்தில் இப்படி ஒன்றை அவள் பார்த்திருக்கிறாள். கடல் தண்ணீர் புகுந்த ஒரு கொள்கலன். உள்ளே பெட்டி பெட்டியாக அஸ்பிரின். கதவைத் திறந்தபோது துறைமுகத்துக் கூலிக்காரர்கள் அச்சாறு கப்பல் என்று சிரித்தார்கள். ஈரம் பட்டால் அந்தக் குளிசை உடைந்துபோகும். பாதி வினாகிரியாகும். மற்றப் பாதி வெள்ளை ஊசியாகப் படியும். விழுங்கலாம். ஆனால் இரத்தம் ஒட்டுவதை அது தடுக்காது.

மாற்றி வைக்கவில்லை. அதே குளிசைதான். செத்துப்போன அதே குளிசை.

“நிப்பாட்டு.”

மனுவேல் தென்னை நிழலில் ஓட்டோவை நிறுத்தினான். அவள் குனிந்து அவனுடைய பிடரிப் பக்கம் மூக்கைக் கொண்டுபோனாள்.

“மிஸ்!” அவன் துள்ளினான். “ரோட்டுல ஆக்கள் பாக்கிறாங்க. எனக்கு இன்னும் கலியாணம் ஆகல்ல.”

“உன்ட கொலர்தான் மணக்குது.”

அவன் கொலரை இழுத்து மணந்தான். முகம் மாறியது. “ஓம். இது நான்தான். ஆனா நான் அச்சாறு சாப்பிடல்லயே. அந்த முடிச்சுல இருந்து விழுந்த சொட்டு…”

அவன் நிறுத்திக்கொண்டான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“ஓட்டோவத் திருப்பு,” என்றாள் ஸும்ரா.

*

அவர்கள் மாம்புரிக்கு வந்துசேர்ந்தபோது ஜும்ஆ முடிந்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் பள்ளியிலிருந்து வந்து அதே கதிரையில் இருந்தார். முன்னால் மேசையில் போன். உள்ளே ஒரு பயணப்பை கட்டி வைத்திருந்தது. அது றைஸாவினுடையது. கட்டியது பளீலாவாக இருக்க வேண்டும். முடிச்சு அவ்வளவு இறுக்கம்.

“என்ன, பிடிபட்டதா?” என்றார் பளீலா.

“பிடிபட்டிச்சு. குளிசைய ஆரும் மாத்தல்ல. ஈரம் பட்டு நாசமாப் போயிரிக்கி.”

“ஈரம் பட்டா? அப்ப அவள்தான். ஈரக் கையோட போத்தலத் திறக்கிறவள். குசினிக்காரி.”

“ஈரக் கையால மேல இரிக்கிற குளிசை நனையும். இது அடிவரைக்கும் போயிரிக்கி. ஈரம் உள்ளுக்கே இருந்திரிக்கி.” ஸும்ரா திரும்பவில்லை. “மனுவேல், அந்த முடிச்ச இறக்கு.”

பளீலாவின் கை சாவிக்கொத்துக்குப் போனது. “அதத் தொடாதீங்க! அது குர்ஆன் ஓதினது!”

மனுவேல் கதிரையில் ஏறிவிட்டான். “மாமி, நான் தொடல்ல. அதுதான் காலையில இருந்து என்னத் தொடுது.” அவன் முடிச்சைக் கழற்றி மேசையில் வைத்தான். மேசை நனைந்தது.

ஸும்ரா நூலை அவிழ்த்தாள். குளிசைகளில் படிந்த அதே பச்சைச் சாயம் இளகிய துணி விரிந்தது. உள்ளே கழுவாத கல் உப்பு. ஹாஜியாரின் அளத்திலிருந்து வாரியது. மழைக்காலத்தில் அந்த உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு அழும். உப்பளக்காரர் வீட்டில் இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

துணியின் மடிப்புக்குள் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்தது. வீங்கி உடைந்த அரைக் குளிசை.

“வாசல்ல தொங்கின உப்புக்குள்ள குளிசை எப்படி வந்திச்சு?” என்றாள் ஸும்ரா.

ஹாஜியார் குனிந்து துணியை மணந்தார். போத்தலை மணந்தார். அவருடைய அளத்து உப்பு அவருக்குத் தெரியாதா?

“றைஸா,” என்றாள் ஸும்ரா. “இப்ப செல்லுங்க. இந்த முடிச்சு எங்க இருந்திச்சு?”

றைஸா மாமியைப் பார்க்கவில்லை. “போத்தலுக்குள்ள, குளிசைக்கு அடியில. நான் குடுக்கத் தொடங்கினதுல இருந்து. காலையில நீங்க வாறீங்க என்டு தெரிஞ்சதும் மாமி எடுத்து வாசல்ல கட்டினாங்க.”

“ஏன் நீங்க செல்லல்ல?”

“என்ன செல்ல? ஓதின உப்பால குளிசை கெட்டுப் போச்சு என்டா? மன்னார்க்காரி ஓதினத இழிவாப் பேசிறாள் என்டு இன்னொன்டும் சேந்திருக்கும். அதோட, அது கெடுக்கும் என்டு எனக்கும் தெரியா.”

ஹாஜியார் ராத்தாவைப் பார்த்தார். “ஏன் ராத்தா?”

“கெட்டதுக்கா வச்சேன்?” பளீலாவின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. “உன்ட ஹயாத்து நீளத்தான் ஓதி வச்சேன். கையால குடுக்கிற பொருள்ல கண்ணூறு படக்கூடாது என்டு.”

“ஆர்ட கண்ணூறு?”

பதில் குசினி வாசலில் நின்றது.

“பிறகு ஏன் எடுத்தீங்க?” என்று கேட்டாள் ஸும்ரா.

“மவ்லவி இதெல்லாம் கூடாது என்டு பயான்ல செல்றார். வெளி ஆள் பாத்தா பேச்சாப் போகும்.” அவர் முந்தானையைத் தலைக்கு இழுத்தார். “வெட்கத்துக்கு எடுத்தேன். ஒளிக்க எடுக்கல்ல.”

“மகன் போனார், கை மாறிச்சு,” என்றாள் ஸும்ரா. “கை மாறினதால உங்களுக்குச் சந்தேகம் வந்திச்சு. அதுக்குப் பரிகாரமா உப்பு வச்சீங்க. உப்பு குளிசையக் கெடுத்திச்சு. குளிசை கெட்டதும் சந்தேகம் இன்னும் பெருத்திச்சு. குளிசையக் கெடுத்த ஆள் இந்த வீட்டுல ஒருத்தர்தான்.”

போன் அடித்தது. திரையில் இப்ஹாம்.

ஹாஜியார் கையை நீட்டினார். “நானே செல்றேன்.” போனை எடுத்தார். “மகன், றை… றை…”

வார்த்தை வரவில்லை. அவர் மறுபடி முயன்றார். வாயின் வலது பக்கம் இறங்கியது. போன் வலது கையிலிருந்து மேசையில் விழுந்து உப்பில் சறுக்கியது.

“மனுவேல், ஓட்டோ!” ஸும்ரா அவருடைய தோளைப் பிடித்தாள். “புத்தளம் ஆசுபத்திரி. வழியில எங்கயும் நிக்காத.”

ஸும்ரா வாங்கி வந்து மேசையில் வைத்திருந்த புது அட்டையைப் பளீலா எடுத்தார். “குளிசை, இதக் குடுங்க, இதக் குடுங்க.”

“இப்ப வேணாம். அடைப்பா, ரத்தக் கசிவா என்டு படம் பிடிச்சுப் பாத்துட்டு டொக்டர் குடுப்பார். றைஸா, நீங்க கூடப் போங்க. எப்ப தொடங்கினது என்டு கேப்பாங்க. இப்ப, இந்தப் போன் அடிச்ச நேரம் என்டு செல்லுங்க.”

றைஸா பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கினாள். ஒரு நொடி நின்றாள். அவளையும் பிள்ளையையும் பிரிக்கத்தான் காலையிலிருந்து இந்த வீடு நின்றது. இப்போது பிள்ளையைக் கொடுக்க அங்கே இருந்தது இரண்டே பேர். அவள் ஸும்ராவின் கையில் கொடுத்தாள். பிறகு மாமாவின் ஒரு தோளுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்துத் தூக்கினாள்.

ஓட்டோ போனது.

மேசையில் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. “வாப்பா? வாப்பா! ஆரு இரிக்கீங்க அங்க?”

பளீலா அதை எடுத்தார். உப்பு ஒட்டிய போனைக் காதில் வைத்தார்.

“மாமி, வாப்பாவுக்கு என்ன? அவள்தானே செஞ்சது? செல்லுங்க மாமி.”

ஸும்ரா குறுக்கிடவில்லை. பிள்ளை அவளுடைய கைப்பையின் பிடியை இழுத்தது.

பளீலா ஒரு பொய்யைத் தேடினார். அது முகத்தில் தெரிந்தது. நல்ல பொய்கள் நிறைய இருந்தன. மழை, கிளினிக், போத்தல் மூடி. இந்த வீட்டில் யாரும் அவரை மறுத்துப் பேச மாட்டார்கள்.

“அவள் இல்ல மகன்,” என்றார். “நான்.”

அதற்குப் பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். அழவில்லை. கணக்கு ஒப்புவிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

*

ஸும்ராவின் போன் அடித்தபோது முற்றத்தில் மறுபடி தூறல் போட்டது.

“மிஸ்,” என்றான் மனுவேல். பின்னால் ஆசுபத்திரி இரைச்சல். “ஹாஜியாருக்குக் கதை திரும்ப வந்துட்டு. பாலாவி தாண்டேக்கயே வந்துட்டு. முதல் கதையே எனக்கு ஏச்சு. நான் ஓட்டினது ஓட்டோவாம், கழுதை இல்லையாம். ஒரு வார்த்தை பிசகல்ல மிஸ், அவ்வளவு சுத்தமா ஏசினார்.”

“டொக்டர் என்ன செல்றார்?”

“படம் பிடிச்சுட்டாங்க. ரத்தக் கசிவு இல்லையாம். குளிசை குடுத்துட்டாங்க. ஆள் வாட்டுல நிக்கணும். இது எச்சரிக்கையாம், அடுத்தது எச்சரிக்கையா வராதாம். அந்தப் போத்தலைக் கேக்கிறார். எறிய வேணாம்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “பொறுங்க, றைஸா உங்களோட கதைக்கணுமாம்.”

போன் கை மாறியது.

“புள்ள அழுதாவா?” என்றாள் றைஸா.

“இல்ல. என்ட பையத் திண்டுகொண்டு இரிக்கா.”

“மாமி பக்கத்துல நிக்கிறாங்களா?”

“ஓம்.”

“அவங்களுக்கு ஒன்டு செல்லுங்க. நான் வாற வரைக்கும் மருந்து வைக்கிற குசினி அலுமாரியத் தொட வேணாம். மருந்து இனி அட்டைலதான் வரும், என்ட கையாலதான் போகும். அந்தச் சாவியையும் எடுத்து வைக்கச் செல்லுங்க. காணிக் கதைய மாமா எழும்பினாப் பிறகு கதைப்பம்.”

ஸும்ரா அதை ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் பளீலாவிடம் சொன்னாள்.

பளீலா இடுப்பிலிருந்த கொத்தை அவிழ்த்தார். ஒரு சாவியைக் கழற்றி, மேசையிலிருந்த உப்புத் தண்ணீரை முந்தானையால் துடைத்து, துடைத்த இடத்தில் வைத்தார்.

“சரி என்டு செல்லு மகள்,” என்றார்.